எறும்பு பொய் சொல்லாது

"சுகர் எனக்கா, உனக்கா? நான் சாப்பிடுதேன், நீ ஏப்பத்த எண்ணுத. நான் ஒண்ணுக்குப் போனா, டார்ச் லைட்ட எடுத்துக்கிட்டு பின்னாலயே வார. இது வீடா, லாக்கப்பா?"

இப்படிக் கேட்டார். ஒரு எழுத்துக்கூட நான் கூட்டவில்லை. வாசற்படியில் நின்றுகொண்டு, கையில் துணிப்பையோடு, தெருவே கேட்கும்படியாகக் கேட்டார். எதிர்வீட்டு அம்மாள் போட்டு முடித்த கோலத்துக்கே திரும்பத் திரும்பப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் காது மட்டும் எங்கள் வீட்டில் இருந்தது.

நான் விடுவேனா? "உங்களுக்குச் சுகர் வந்ததுல இருந்து எனக்குத் தூக்கம் போச்சு. அப்ப அது யாருக்கு?" என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். எங்கே போவார்? பாவூர்சத்திரத்தில் அவர் தங்கச்சி இருக்கிறாளே, பகவதி, அவள் வீட்டுக்குத்தான்.

இந்தப் பஸ்ஸில் நீங்கள் எதுவரைக்கும்? பாவூர்சத்திரமா! நல்லதாகப் போயிற்று. உட்காருங்கள், ஜன்னலோரம் நீங்களே உட்காருங்கள், எனக்குக் காற்று ஒத்துக்கொள்ளாது. ஆஸ்பத்திரியில் உங்கள் தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்திருக்கிறதா? நல்லது. ஆணா பெண்ணா என்று கேட்க மாட்டேன், எதுவாக இருந்தாலும் பின்னால் நம்மை அழவைக்கத்தான் போகிறது. எனக்கும் ஒரு பெண் இருக்கிறாள், பெங்களூரில். அப்பா கட்சி.

இவர் என்றால் என் வீட்டுக்காரர். பெயர் குற்றாலிங்கம். தாலுகா ஆபீசில் வேலை. பார்த்தால் பச்சைப்பிள்ளை மாதிரி இருப்பார். யார் எதைக் கொடுத்தாலும் வாங்கிச் சாப்பிடுவார். ஆபீசில் ஒருத்தனுக்குப் பதவி உயர்வு என்றால் லட்டு. ஒருத்தி மகள் பெரியவளானால் அல்வா. எங்கள் ஊரைப் பற்றி உங்களுக்குத் தெரியாததா, துக்கம் விசாரிக்கப் போனால் மட்டும்தான் இனிப்பு கொடுக்க மாட்டார்கள். இந்த மனுஷனுக்குச் சுகர் வராமல் யாருக்கு வரும்?

சுகர் வந்த நாளிலிருந்து மாத்திரை, சாப்பாடு எல்லாம் என் பொறுப்பு. குறை சொல்லவில்லை, எனக்கு அதெல்லாம் வரும். நான் பாளையங்கோட்டையில் கான்வென்டில் படித்தவள். டாக்டர் எழுதுகிற கோழிக்கிறுக்கலை மெடிக்கல் கடைக்காரனுக்கு முன்னால் நான் படித்துவிடுவேன். முதலில் ஒரு மாத்திரை கொடுத்தார்கள், வயிற்றைக் கலக்கு கலக்கென்று கலக்கிற்று. வாயெல்லாம் தகரத்தை நக்கின மாதிரி இருக்கிறது என்றார். பாதி நாள் ஆபீஸ் போகவில்லை, பாத்ரூமே ஆபீஸ். "இந்த மாத்திரையே வேண்டாம்" என்று தூக்கி எறியப் போனார். நான்தான் யோசித்தேன். வெறும் வயிற்றில் போடுகிறாரே, அதனால்தானோ என்று நடுச்சாப்பாட்டில், இரண்டு வாய் சோற்றுக்கு நடுவில் கொடுத்துப் பார்த்தேன். ஒரே வாரத்தில் வயிறு அடங்கிவிட்டது. அப்புறம் டாக்டரே, "நீங்க செஞ்சதுதான் சரி தங்கச்சி" என்றார். அப்போது நான் சொன்னது சரி. இப்போது மட்டும் நான் பைத்தியக்காரி.

கான்வென்டில் எங்களுக்கு சிஸ்டர் பெர்னதெத் என்று ஒருத்தர் இருந்தார். யார் வகுப்பில் ஒளித்து நெல்லிக்காய் தின்றாலும் கண்டுபிடித்துவிடுவார். கேள்வியே கேட்க மாட்டார். எதிரே வந்து நின்று, "ஊது" என்பார். அவ்வளவுதான். வாய் பொய் சொல்லும், மூச்சு சொல்லாது. அதே வழக்கம் எங்கள் வீட்டிலும் வந்துவிட்டது. ஆபீஸ் விட்டு வந்து செருப்பைக் கழற்றியதும், "ஊதுங்க" என்பேன். ஊதுவார். ஏலக்காய் வாசனை வந்தால் அன்றைக்கு ராத்திரி கோதுமைக் கஞ்சி. "குடிகாரனக்கூட ரோட்டுலதான் ஊதச் சொல்லுதான். எனக்கு நடுவீட்டுல" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார், அப்போதெல்லாம்.

நீங்கள் நினைக்கலாம், இவளுக்கு ஏன் இவ்வளவு சந்தேகம் என்று. என் அப்பாவுக்கும் இதே நோய். "ஒண்ணும் திங்கலம்மா" என்று சத்தியம் பண்ணுவார். பின்கட்டில் அவர் ஒண்ணுக்குப் போகிற இடத்தில் எறும்பு மொய்க்கும். எங்கம்மா பார்ப்பாள், ஒரு வாளி தண்ணீரை ஊற்றிவிட்டு வாயை மூடிக்கொண்டு வந்துவிடுவாள். புருஷனை நம்பினாள். காலில் ஒரு முள் குத்தினது ஆறவில்லை. முதலில் விரலை எடுத்தார்கள். அப்புறம் பாதத்தை. கட்டுப் பிரித்துக் கட்டினது நான்தான். அந்த வாடை இருக்கிறதே, விடுங்கள், பஸ்ஸில் போகும்போது அது எதற்கு. அன்றைக்கே முடிவு பண்ணினேன். நான் எங்கம்மா மாதிரி தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டுப் போகிறவள் இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 

டாக்டர் மாசிலாமணி என்று எங்களுக்கு ஒருத்தர். இவரோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். அதுதான் முதல் கோளாறு. நோயாளியும் டாக்டரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கக் கூடாது. மழைக்கு முன்னால், வைகாசியில் இருக்கும், காட்டப் போனோம். அந்த முதல் மாத்திரைக்கு அப்புறம் வருஷக்கணக்காக இவர் போட்டது ஒரு பச்சை மாத்திரை. ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு, "லேய் குத்தாலம், அந்தப் பச்சை மாத்திரைய இன்னையோட நிறுத்தியாச்சு, என்ன? புதுசா ஒண்ணு தாரேன். கூடிப்போன சர்க்கரைய இது ஒண்ணுக்கு வழியா வெளிய தள்ளிரும்" என்றார். என் பக்கம் திரும்பி, "தங்கச்சி, ஒண்ணுக்குல சர்க்கரை போகும். அதனால எறும்பு வந்தாலும் வரும். பயந்துராதீங்க. எடை கொஞ்சம் குறையும். தண்ணி நல்லாக் குடிக்கச் சொல்லுங்க. பழைய பச்சை மாத்திரைய மட்டும் இதோட சேத்துக் குடுத்துராதீங்க, இவனுக்கு இனிமே அது தேவையில்ல, சுகர் ஒரேயடியா இறங்கிரும்" என்றார்.

கவனித்தீர்களா? எறும்பு வருவதற்கு முன்னாலேயே எறும்புக்குச் சமாதானம். ஃபெயில் ஆகப்போகிற பிள்ளை, "இந்தத் தடவை பேப்பர் ரொம்பக் கஷ்டமாம்" என்று பரீட்சைக்கு முந்தின நாளே வீட்டில் சொல்லி வைக்குமே, அந்த மாதிரி. இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டார்கள் என்று அப்போதே எனக்குப் பொறி தட்டியது.

அதோடு விட்டாரா? "இன்னொரு விஷயம், கொஞ்சம் கூச்சமான விஷயம், நம்ம ஆம்பிளைங்களுக்கு அந்த இடத்துல..." என்று ஆரம்பித்தார். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். கான்வென்டில் படித்த ஒரு பொம்பளை உட்கார்ந்து கேட்கிற பேச்சா அது? வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே இரண்டு பேரும் கொல்லென்று சிரிக்கிறார்கள். திரும்பிப் போய், "என்ன சிரிப்பு?" என்றேன். "ஒண்ணுமில்ல தங்கச்சி" என்றார் டாக்டர். ஒன்றுமில்லாததற்கு யாராவது அப்படிச் சிரிப்பார்களா?

புது மாத்திரை ஆரம்பித்து ரொம்ப நாள் ஆகவில்லை. காலையில் பாத்ரூம் கழுவப் போகிறேன், எறும்பு. சாதாரண எறும்பு இல்லை. ரேஷன் கடை வாசலில் நிற்கிற மாதிரி வரிசை. சுவரோரமாக வந்து, கோப்பையின் விளிம்பைச் சுற்றி... என் அப்பா வீட்டுப் பின்கட்டு அப்படியே கண்ணுக்கு முன்னால் வந்தது.

"என்னத்தத் தின்னீங்க?" என்றேன். "ஒண்ணும் திங்கல" என்றார். அதே வார்த்தை. என் அப்பா சொன்ன அதே வார்த்தை. "மாசி சொன்னாம்லா, மருந்துனால எறும்பு வரும்னு. நீயும்தான் கேட்ட" என்றார். நான் சொன்னேன், "உங்க மாசி பொய் சொல்லலாம், நீங்க சொல்லலாம், எறும்பு பொய் சொல்லாது. அது எந்தக் காலேஜ்லயும் படிக்கல."

வீட்டில் சுகர் பார்க்கிற மெஷின் ஒன்று இருக்கிறது. குத்திப் பார்த்தால் நூற்றுப் பத்து, நூற்றிருபது, அப்படித்தான் வருகிறது. எறும்போ நாளுக்கு நாள் கூடுகிறது. எதை நம்புவீர்கள்? மெஷினை வாங்கிக் கொடுத்தது யார்? மாசிலாமணி. அதுவும் அவர் கட்சி.

ஆளும் இளைக்க ஆரம்பித்தார். பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை. கண்ணாடி முன்னால் நின்று பக்கவாட்டில் பார்த்துக்கொள்கிறார். "தொப்பை போயிருச்சு பாத்தியா சவுந்தரி" என்கிறார். ஐம்பத்தேழு வயதில் ஒரு ஆம்பிளை எதற்குக் கண்ணாடியில் தொப்பையைப் பார்க்க வேண்டும்? நீங்களே சொல்லுங்கள்.

நான் கையைக் கட்டிக்கொண்டு இருப்பேனா? பாகற்காய்ச் சாறு ஆரம்பித்தேன். தினமும் விடிந்ததும் ஒரு தம்ளர். முகத்தைச் சுளித்துக்கொண்டு, என் பொருட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பார். அதற்கும் எறும்பு அசையவில்லை. அப்புறம்தான் யோசித்தேன். பச்சை மாத்திரை டப்பாவில் எவ்வளவோ மிச்சம் கிடக்கிறது. அதைப் போட்டபோது எறும்பு வந்ததா? இல்லை. நிறுத்தியதும் வந்தது. இதைக் கண்டுபிடிக்க டாக்டருக்குப் படிக்க வேண்டுமா? அரை மாத்திரையை நுணுக்கிச் சாற்றில் கலந்தேன். அந்தக் கசப்பில் எது தெரியப்போகிறது?

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? விஷமா கலந்தேன்? அவருக்கே எழுதிக் கொடுத்தது, அவர் வருஷக்கணக்காகச் சாப்பிட்டது. அரை மாத்திரைக்கு எறும்பு மசியவில்லை. அப்புறம் முழுசாகவே போட்டேன்.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான் நாடகம்.

ஞாயிற்றுக்கிழமை. இட்லிக்கு மாவு புளிக்கவில்லை, உப்புமா கிண்டுவதற்குக் கொஞ்சம் நேரமாகிவிட்டது. ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் கூப்பிடுகிறார். போய்ப் பார்த்தால் நெற்றியெல்லாம் வேர்வை, பேப்பர் கையில் படபடவென்று அடித்துக்கொள்கிறது. ஃபேன் காற்றில் இல்லை, கைதான் நடுங்குகிறது. மெஷினில் குத்திப் பார்த்தேன். ஐம்பத்தெட்டு! எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? இத்தனை வருஷத்தில் அந்த மெஷினில் நூறுக்குக் கீழே பார்த்ததே இல்லை. நானூறு பார்த்திருக்கிறேன், முந்நூறு பார்த்திருக்கிறேன். ஐம்பத்தெட்டு! பார்த்தாயா, கைமருந்து வேலை செய்கிறது என்று நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்து, "என்னமோ பண்ணுது சவுந்தரி, கொஞ்சம் சீனி குடு" என்கிறார்.

கேட்டீர்களா கூத்தை? நல்ல மார்க் வாங்கினதும் மிட்டாய் கேட்கிற பிள்ளை மாதிரி. "சீனியா? இதுக்குத்தான் நான் இந்தப் பாடு படுதேனா?" என்று டப்பாவைத் தூக்கிப் பரணில் வைத்துவிட்டேன். என்ன செய்தார் தெரியுமா? சுவரைப் பிடித்துப் பிடித்து எதிர்வீட்டுக்குப் போய், அந்தக் கோலக்காரியிடம் கையை நீட்டிச் சீனி வாங்கித் தின்றார். என் மானம் போயிற்று. தின்று கொஞ்ச நேரத்தில் வேர்வையும் இல்லை, நடுக்கமும் இல்லை. இனிப்பு கிடைத்ததும் நின்றுபோகிற நடுக்கத்துக்கு என்ன பெயர்? எங்கள் பக்கத்தில் அதற்கு நடிப்பு என்று பெயர்.

அதிலிருந்து ஆபீசிலும் அதே கதை. அங்கே ரோஸ்லின் என்று ஒருத்தி, டைப்பிஸ்ட். இவர் வாயாலேயே சொல்கிறார், "இன்னைக்கு பதினோரு மணிக்குக் கண்ண இருட்டிக்கிட்டு வந்துச்சு. நல்லவேளை ரோஸ்லின் கைப்பையில மிட்டாய் வச்சிருந்தா." எதற்கு ஒருத்தி கைப்பையில் மிட்டாய் வைத்துக்கொண்டு அலைகிறாள்? அவளுக்கும் சுகராம். சுகர் உள்ளவள் மிட்டாயோடு அலைகிறாள், சுகர் உள்ளவர் வாங்கித் தின்கிறார். நல்ல ஜோடி. மறுநாள் பார்த்தால் இவர் சட்டைப் பையிலேயே கடலை மிட்டாய். துவைக்கப் போட்ட சட்டையில் ஒட்டிக்கிடந்தது.

கிட்டே வாருங்கள், இன்னொன்று சொல்கிறேன். முன் சீட்டுக்காரருக்குக் கேட்க வேண்டாம். பேண்ட் பையில் ஒரு களிம்பு ட்யூப் இருந்தது. அரிப்புக்குப் போடுகிறது. எங்கே அரிப்பு என்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறார். முகம் சிவந்துபோகிறது. "டாக்டர்தான் குடுத்தாரு, மருந்துனால வாரதுதான்" என்கிறார். எல்லாவற்றுக்கும் அந்த மருந்தின் மேலேயே பழியைப் போட்டால் எப்படி? எறும்புக்கும் மருந்து, இளைத்ததற்கும் மருந்து, ராத்திரியில் நாலு தடவை எழுந்து போவதற்கும் மருந்து, சொல்ல முடியாத இடத்தில் அரிப்புக்கும் மருந்து. ஆம்பிளைக்கு அப்படி எங்கிருந்து வரும் என்று எனக்குத் தெரியாதா? களிம்பை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். அன்றைக்கு முழுவதும் அடுப்பு முன்னால் நின்று அழுதேன். வெங்காயம் அரிந்துகொண்டே அழுதேன், அதனால் யாருக்கும் தெரியவில்லை.

அப்புறம் அவர் ஆபீசில் வேலை பார்க்கிற ஒருத்தர் மகள் கல்யாணம். நான் காலையில் சாற்றைக் கொடுத்துத்தான் கூட்டிப்போனேன். "மண்டபத்துல டிபன் சாப்பிடக் கூடாது. கேசரியும் பொங்கலும் வைப்பான். முகூர்த்தம் முடிஞ்சதும் சாப்பாட்டுல பாத்துக்கலாம்" என்று கண்டிஷன் போட்டேன். சரி என்று தலையை ஆட்டினார். முகூர்த்தம் இழுத்துக்கொண்டே போயிற்று. மாப்பிள்ளை வீட்டார் நல்ல நேரம் இன்னும் இருக்கிறது, இன்னும் இருக்கிறது என்று உட்கார்ந்திருந்தார்கள். நான் தெரிந்தவர்களைப் பார்த்துப் பேசிவிட்டுத் திரும்பி வருகிறேன். 

நாற்காலியில் சாய்ந்து கிடக்கிறார். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருக்கிறது. கண் பாதி மூடியிருக்கிறது. ஒரு பொம்பளை அவருக்கு முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்துகொண்டு, அவர் தாடையைப் பிடித்து, தன் கையால் லட்டைப் பிட்டு அவர் வாயில் வைக்கிறாள். சபை நடுவில்! மேளம் கொட்டுகிறது, அங்கே தாலி ஏறுகிறது, இங்கே இவள் ஊட்டுகிறாள்.

போனேன். ஒரே தட்டு. லட்டு பறந்துபோய் யார் மடியிலோ விழுந்தது. "கட்டினவ ஒருத்தி குத்துக்கல்லாட்டம் இருக்கேன், நீ யாருட்டி என் வீட்டுக்காரருக்கு ஊட்டுததுக்கு?" என்றேன்.

அவள்தான் அந்த ரோஸ்லின் என்று அப்புறம்தான் தெரிந்தது. என்ன சொன்னாள் தெரியுமா? என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அக்கா, சாருக்கு சுகர் லோ ஆயிருக்கு. மொதல்ல இனிப்பு, பொறவு சண்டை" என்றாள். பக்கத்தில் இருந்தவன் இலைக்கு வைத்திருந்த சீனியைக் கைநிறைய அள்ளிக் கொடுக்கிறான், அவள் வாங்கி அவர் வாய்க்குள் போடுகிறாள். கூட்டமே சேர்ந்து ஒரு சர்க்கரை நோயாளிக்குச் சீனி ஊட்டுகிறது, தடுத்தவள் நான், குற்றவாளியும் நான். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்து, "தேங்க்ஸ்மா" என்றார்.

தேங்க்ஸ்! இத்தனை வருஷம் வெந்தயம் ஊறப்போட்டு, பாகற்காய் சமைத்துக் கொடுத்தவளுக்கு ஒரு தேங்க்ஸ் உண்டா? ஒரு லட்டுக்குத் தேங்க்ஸ்.

மறுநாள் டாக்டருக்குப் போன் பண்ணினார். ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். அந்த ஆள் குழம்பிப்போனார். "லேய், இந்த மாத்திரைக்கு மட்டும் இப்படி லோ ஆகாதே. வேற என்னமும் சாப்பிடுதியா?" என்றார். "ஒண்ணுமில்லடே, பாகக்காய்ச் சாறு மட்டும்தான், வீட்டுல தாரா" என்றார் இவர். "அப்ப அத நிறுத்திப் பாரு. நாளைக்கே கிளினிக்குக்கு வா" என்றார். சுகர்காரனைப் பாகற்காய் சாப்பிடாதே என்று சொல்கிற டாக்டரை எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? எனக்கு அப்போதுதான் சந்தேகம் போய்த் திட்டமாகத் தெரிந்தது. எல்லோரும் ஒன்று.

இல்லை, மாத்திரை கலந்ததை நான் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? அவர்கள் என்னிடம் எல்லாம் சொல்கிறார்களா?

அடுத்த நாள் விடியற்காலையில் தம்ளரை நீட்டினேன். "வேண்டாம் சவுந்தரி. இத குடிச்ச பொறவுதான் நடுக்கம் வருது. எனக்கு இதப் பாத்தாலே பயமா இருக்கு" என்றார். பயமாம். வேண்டாதவள் கொடுத்த லட்டு தித்திக்கிறது, கட்டினவள் கொடுப்பது பயமாக இருக்கிறது. நான் விடவில்லை. தம்ளரைப் பிடித்துக்கொண்டு ஹாலுக்கும் சமையலறைக்குமாகப் பின்னாலேயே நடந்தேன். பாத்ரூமுக்குள் போனார், வெளியே நின்றேன். வெளியே வந்ததும் டார்ச்சை அடித்து எறும்பைக் காட்டினேன். "இதுக்கு என்ன பதில்? இதுக்கு என்ன பதில்?" என்று கேட்டேன். அப்போதுதான் துணிப்பையை எடுத்தார். அப்போதுதான் அந்தச் "சுகர் எனக்கா, உனக்கா" எல்லாம்.

ஆலங்குளம் வந்துவிட்டது பாருங்கள். ஏன் எழுந்திருக்கிறீர்கள்? பாவூர்சத்திரம் இன்னும் இருக்கிறது. உட்காருங்கள். பையை ஏன் மடியில் எடுத்து வைத்துக்கொள்கிறீர்கள், கீழேயே இருக்கட்டும்.

அவர் போய் ஒரு வாரம் ஆகிவிட்டது. போன் பண்ணினால் எடுப்பதில்லை. பகவதி எடுக்கிறாள். "மதினி, அண்ணன் இங்க வந்ததுல இருந்து நடுக்கமே இல்ல. காலைல குளத்தங்கரை வரைக்கும் நடந்துட்டு வாராங்க. டாக்டர் சொன்ன மாத்திரைய மட்டும் நேரத்துக்குப் போட்டுக்கிடுதாங்க. முகமே தெளிஞ்சிருச்சு மதினி" என்கிறாள். எனக்குப் போனிலேயே பற்றி எரிந்தது. என் வீட்டில் இருந்தால் நடுக்கம், அவள் வீட்டில் தெளிச்சியா? ஏன் நடுக்கம் இல்லை? கேட்டதெல்லாம் கையில் கிடைக்கிறது, அதனால் நடிக்க வேண்டிய தேவை இல்லை. "பாத்ரூம்ல எறும்பு இருக்கா?" என்று கேட்டேன். "ஆமா மதினி, இருக்கு. டாக்டர் சொன்னாராம்லா" என்கிறாள். பார்த்தீர்களா? ஊர் மாறினாலும் எறும்பு மாறவில்லை. 

கடைசியில் அவள் சொன்னது என்ன தெரியுமா? "அண்ணன் வருத்தப்படுதாங்க மதினி. இனிமே அங்க வர மனசில்லங்கிறாங்க. ரிட்டயர் ஆனதும் இந்தப் பக்கமே வீடு பாக்கச் சொல்லுதாங்க." சொல்லிவிட்டு, அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று போனை வைத்துவிட்டாள்.

முப்பது வருஷம். நான் கொடுக்காமல் ஒரு மாத்திரை அவர் தானாக எடுத்துப் போட்டதில்லை. வெந்நீர் எந்தப் பாத்திரத்தில் வைப்பார்கள் என்று தெரியாது. காலில் செருப்பு கடித்தால்கூட என்னிடம் காட்டிவிட்டுத்தான் ஆபீஸ் போவார். ராத்திரி ராத்திரி அவர் தூங்கினதும் இரண்டு பாதத்தையும் தடவிப் பார்த்துவிட்டுத்தான் நான் படுப்பேன், எங்கேயாவது கீறல் இருக்கிறதா என்று. அது அவருக்கே தெரியாது. அங்கே யார் தடவிப் பார்க்கிறார்கள்? பகவதியா? அவளுக்குச் சீரியல் பார்க்கவே நேரம் போதாது. ஒரு முள் குத்தினால் யார் பார்ப்பார்கள்? அதுதான் கிளம்பி வந்துவிட்டேன். கோபித்துக்கொண்டு போனவரைக் கூப்பிட வருகிறேன் என்று நினைக்காதீர்கள். கூப்பிட மாட்டேன். வந்தால் வரட்டும். உடம்பு கெடக் கூடாது, அவ்வளவுதான்.

இந்தப் பிளாஸ்க்கில் இருப்பது அந்தச் சாறுதான். விடியற்காலையில் அரைத்து வடிகட்டினேன். இந்தத் தடவை கொஞ்சம் யோசித்துத்தான் போட்டேன். ஒரு வாரமாக உள்ளே என் மருந்தே போகவில்லை இல்லையா? சர்க்கரை எவ்வளவு ஏறிக் கிடக்கிறதோ. அதனால் விட்டுப்போன நாளுக்கும் சேர்த்து, பச்சை மாத்திரை டப்பாவில் மிச்சம் இருந்ததை எல்லாம் நுணுக்கிப் போட்டுவிட்டேன். ஒரே தடவையில் சமன் ஆகிவிடும். எறும்பும் போய்விடும், வீட்டுக்கும் வந்துவிடுவார்.

ஆனால் நான் நீட்டினால் குடிக்க மாட்டார். பார்த்த உடனே எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவார். அதைத்தான் பஸ் ஏறினதிலிருந்து யோசித்துக்கொண்டு வருகிறேன். அவரிடம் ஒரு குணம் உண்டு. வேற்று மனுஷர் முன்னால் எதையும் வேண்டாம் என்று சொல்லத் தெரியாது. ஒரு தடவை யாரோ வீட்டில் கெட்டுப்போன மோரை முழுத் தம்ளரும் குடித்துவிட்டு, "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்து படுத்தார். அவ்வளவு மரியாதை.

பகவதி வீடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்தான், இரண்டாவது தெரு. உங்கள் ஆஸ்பத்திரிக்கும் அந்த வழியாகத்தான் போக வேண்டும். பார்த்தால் நீங்கள் நல்ல குடும்பத்துப் பிள்ளையாகத் தெரிகிறீர்கள். ஒரு எட்டு என்னோடு வந்துவிட்டுப் போனால் என்ன? பகவதியிடம், சவுந்தரியக்காவுக்குத் தெரிஞ்சவ, பாத்துட்டுப் போலாம்னு வந்தேன் என்று சொல்லுங்கள். இந்தப் பிளாஸ்க்கை நீங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தம்ளரில் ஊற்றி, "அண்ணாச்சி, எங்க வீட்டுல போட்டது, ஒரு வாய் குடிங்க" என்று நீட்டினால் போதும். மடக் மடக்கென்று குடித்துவிடுவார். நான் தெருமுனையிலேயே நின்றுகொள்கிறேன். காலி பிளாஸ்க்கைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்துவிட்டு நீங்கள் தங்கச்சி பிள்ளையைப் பார்க்கப் போங்கள்.

அத்தியூத்து தாண்டிவிட்டது. கண்டக்டர் இறங்குகிறவர்களை முன்னால் வரச் சொல்கிறார்.

என்ன, ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்? இந்தாருங்கள், பிடித்துக்கொள்ளுங்கள், மூடி இறுக்கமாகத்தான் இருக்கிறது, சிந்தாது. உங்களைத்தான் கேட்கிறேன். இந்த ஒரு உதவி செய்ய மாட்டீர்களா?